ஒபர்வில்லியேக் கூரையில் சேமித்த வெயில்

காலை 9.10. லா ஷப்பல் மெட்ரோவில் இறங்கினேன். மதுரைக்காரனான எனக்குப் பாரிசில் அது மூன்றாம் நாள். புறநகரான கார்ஜ் லே கொனெஸிலிருக்கும் நண்பன் வீட்டில் என்னை இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்த சுலோசனா அக்கா, தன் மின்சார வேனருகே நின்றார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், நோயாளிகளை மருத்துவமனைக்கு ஏற்றிப்போவது அவர் வேலை. முகம் சரியாக இல்லை.

"ராத்திரி இந்தப் போர்னிலை போட்டனான் தம்பி. இடையிலை கரண்ட் நிண்டிட்டுது. பதினொரு வீதம் சார்ஜ்தான் கிடக்கு," என்று தெருவோரச் சார்ஜ் கம்பத்தைக் காட்டினார்.

வட்டாரம் முழுக்க மின்வெட்டு. கார்ஜில் அக்கா ஏற்றிப்போக வேண்டிய பரராசசிங்கம் ஐயா காத்திருந்தார். பதினொன்றரைக்கு அவருக்கு டயாலிசிஸ். சென்ற முறை பாதியில் நிறுத்தியிருந்ததால் இன்று தவறவே கூடாது.

9.40. நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஒபர்வில்லியே. அங்கே புதுச்சேரிக்காரர் அந்துவானின் மீன் கிடங்கு. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். சுவரோரம் அலமாரி உயரத்துக்குப் பேட்டரிப் பெட்டிகள். ஆனால் வானம் சாம்பலாய் மூடிக் கிடந்தது.

"இங்கயும் கரண்ட் இல்ல மதாம். நேத்து சேர்ந்ததுலதான் குளிர் அறை ஓடுது. உங்க வண்டியையும் சேர்த்து இழுக்காது," என்றார் அந்துவான்.

"டயாலிசிசுக்கு ஒரு ஐயாவைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேணும் அண்ணை. வேறை ஒண்டுக்குமில்லை."

அவர் குளிர் அறையைப் பார்த்தார். உள்ளே அன்று விடியலில் வந்த மீன் முழுவதும் இருந்தது. பிறகு சுவிட்சை இறக்கினார்.

"கதவத் தொறக்காம இருந்தா அரை மணி தாங்கும். வண்டியப் போடுங்க."

அந்த அரை மணி நேரமும் கதவில் சாய்ந்தே நின்றார். மீன் வாங்க வந்த மூவரைக் காத்திருக்கச் சொன்னார். வெப்பமானி இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. வண்டியில் முப்பது சதவீதம் சார்ஜ் ஏறியதும் கிளம்பினோம்.

10.50. கார்ஜ். கைப்பையுடன் வாசலில் நின்ற ஐயா, "சார்ஜ் கிடந்ததே பிள்ளை?" என்றார்.

"நேற்றையான் வெயிலிலை வந்தனாங்கள் ஐயா."

அவர் மேகத்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி ஏறினார். நான் இறங்கிக்கொண்டேன்.

நண்பகலுக்குள் அக்காவின் செய்தி வந்தது: "ஐயாவை மிசினிலை போட்டாச்சு. அண்ணையின்ரை மீனும் பழுதில்லை."

மாலை ஆர்.இ.ஆர். டி ரயிலில் பாரிசுக்குத் திரும்பினேன். மதுரையில் வெயிலைக் கண்டால் சன்னலைச் சாத்துகிறவன் நான். நாள்கணக்கில் மேகம் மூடும் ஊரில் ஒருவர் கிடைத்த வெயிலைப் பிடித்துவைத்து, தனக்கே தேவையான நேரத்தில் அதை முன்பின் தெரியாத நோயாளிக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் மொட்டைமாடி வெறுமனே காய்கிறது. ஊர் போனதும் அதை அளந்து பார்க்க வேண்டும்.