மேனேஜர் கேட்ட பூனை

எங்கள் தெரு முனையில் ஒரு மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது. டாக்டர் ஒரு பெண்மணி, கெட்டிக்காரர். வாசல் பலகையில் அவர் பெயரும், பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி படிப்பும் இருக்கும். ஆனால் அந்த இடத்தை நடத்துவது என் நாத்தனார். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் யாருக்கும் இது புரிந்துவிடும்.

வாசலுக்கு நேரே எடை பார்க்கும் மேடை, பக்கத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். முப்பத்தைந்து வயது, குள்ளமான உருவம், உருண்டை முகம். வருகிற நாய்க்கும் பூனைக்கும் "வாங்க, ஏறி நில்லுங்க" என்று ஏக மரியாதை. கூட வருகிற மனிதர்களுக்கு "நீ அங்க போய் உக்காரு" மட்டும்தான். காரில் வந்து இறங்கும் பெரிய மனிதர்கள்கூட வாயைத் திறக்காமல் போய் உட்கார்ந்துவிடுவார்கள். எந்தப் பிராணியானாலும் இரண்டு தடவை நிறுத்துப் பார்ப்பாள். கேட்டால், "மொத தடவ பயத்துல மூச்சப் பிடிச்சுக்கும்" என்பாள். டாக்டர் தடுத்துப் பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று விட்டுவிட்டார். இப்படித்தான் அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வந்தது. வீட்டிலும் அதே பெயர், அதே அதிகாரம்.

மேனேஜருக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். நம் உடம்பில் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக இருக்குமாம். அவளுக்கு இருபத்தொன்றாவது ஜோடியில் ஒன்று கூடுதல். "எனக்கு ஒண்ணு எக்ஸ்ட்ரா" என்று அவளே சொல்லிக்கொள்வாள், ஏதோ போனஸ் வாங்கினவள் மாதிரி.

நான் இந்த வீட்டுக்கு வந்ததும் அவளால்தான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். அவளுக்கு மூக்குத் தண்டு தட்டை. எந்தக் கண்ணாடி போட்டாலும் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். அவளுடைய அண்ணன் அதைச் சரிபண்ண வாராவாரம் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கண்ணாடி சரியாகிப் பல நாள் ஆன பிறகும் வந்தார். ஒரு நாள் அவள்தான் சலித்துப்போய், "அண்ணா, கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. நீ இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கோ, எனக்குக் கால் வலிக்குது" என்று கடை நடுவில் சொன்னாள். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் யார் பேச்சைக் கேட்கிறாரோ இல்லையோ, தங்கை பேச்சைத் தட்ட மாட்டார். கல்யாணம் நடந்தது.

அப்போது என் மாமியார் உயிரோடு இருந்தார். மகளுக்கு அவர் கொடுத்த பயிற்சிகளைக் கேட்டால் பட்டாளமே மிரளும். கண்ணாடி முன் நின்று நாக்கை உள்ளே இழுக்க வேண்டும். ஊதல் ஊத வேண்டும். சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்ற வேண்டும். ஐந்து வயதில் அவளுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை ஆபரேஷன் செய்து அடைத்தார்களாம். நெஞ்சின் நடுவில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். நாங்களும் கேட்டதில்லை.

இனி பூனை விஷயம். ஒரு நாள் காலையில் ஒருவர் கூடையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். உள்ளே ஒரு சாம்பல் நிறக் குட்டி. அகலமான முகம், ஒன்றுக்கொன்று தள்ளி நின்ற கண்கள், வெளியே துருத்திய நாக்கு. நடக்க விட்டால் நாலு கால் நாலு பக்கம் போகும், பொத்தென்று விழும், எதுவும் நடக்காதது மாதிரி மறுபடி எழுந்திருக்கும். வந்தவர் போனில் ஏதோ வீடியோ பார்த்து ஞானம் பெற்றவர்.

"இதுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும்மா. இதெல்லாம் ஒண்ணுக்கும் உதவாது" என்றார். மேசைக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவர் பார்க்கவே இல்லை.

மேனேஜர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எனக்கும்தான் இருக்கு. நான் இங்க வேலை பாக்கறேன். நீ என்ன பண்ற?"

மனிதர் முகம் இஞ்சி தின்ற குரங்காகிவிட்டது. கார் தப்பான இடத்தில் நிற்கிறது, நகர்த்திவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். அந்தக் கார் இன்னும் நகர்ந்துகொண்டே இருக்கிறது போல. கூடையும் பூனையும் இங்கேயே தங்கிவிட்டன.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது மேனேஜர் கேட்டாள், "அண்ணா, பூனைக்கும் என்ன மாதிரி வருமா?"

என் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். எங்கே தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பிறருக்குச் சொல்லித் தருகிறவர். அவரே போய்த் தொட்டார். தங்கை முகத்தில் ஏதோ ஏக்கத்தைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. பாவம், உலகத்தில் தன்னைப் போல இன்னொரு ஜீவன் இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

"ஏன் வராது? அது அப்படியே உன்ன மாதிரிதான்" என்றார்.

அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். "எல்லாமே என்ன மாதிரியா?"

"எல்லாமே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்தார். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கொல்லைப்புறம் போய் டாக்டருக்குப் போன் போட்டு, "அவ கேட்டா ஆமான்னு சொல்லிடுங்க டாக்டர், சந்தோஷப்படுவா" என்று வேறு சொல்லிவைத்தார். டாக்டர் ஆயிரம் ஊசி போட்டவர், ஆனால் மேனேஜர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவருக்கும் மனசு வரவில்லை. மறுநாள் அவள் கேட்டபோது ஒரு நாயின் வாய்க்குள் கையை விட்டபடி, "ம்... ம்..." என்று தலையாட்டிவிட்டார்.

மேனேஜர் காரியத்தில் இறங்கினாள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் தரையில் துண்டை விரித்துப் பூனையை உட்கார வைத்தாள். பூனை முன்னால் ஒரு கண்ணாடி. "நாக்க உள்ள போடுங்க. உள்ள... உள்ள... ஆங், சபாஷ்." பூனை நாக்கை இன்னும் கொஞ்சம் நீட்டும். பிறகு நடைப் பயிற்சி. இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்து நடுவில் நடக்கச் சொல்வாள். அது விழுந்தால், "அழக்கூடாது, எந்திரிங்க" என்பாள். அச்சு அசல் என் மாமியார் குரல். ஒரு நாள் அவளைக் கூப்பிடப் போனபோது அது காதில் விழுந்து, என் கை தானாகவே முந்தானையை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டது.

அடுத்த படி எனக்குத் தெரிந்ததுதான். "அண்ணி, அதை வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாம்."

"வரலாம். அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்."

"சரி. எப்ப திரும்பி வருவீங்க?"

எனக்குப் பூனை ஆகாது. துணியெல்லாம் முடி, சோபா எல்லாம் கீறல், பாலைத் திறந்து வைக்க முடியாது. விழுந்து விழுந்து நடக்கிற பூனை என்றால் வீட்டில் இருக்கிற கண்ணாடிச் சாமானெல்லாம் அதோகதிதான். முடியாது என்றால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று அவள் தினமும் கேட்டாள். நான் அம்மியைவிடக் கனம். நகரவில்லை.

ஆனால் ஒரு வாரத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது ஜெயம் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. சாப்பாட்டில் பாதி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் மனிதர்களை அவள் அதட்டவில்லை. எடை மேடையில் எந்தப் பிராணியையும் ஒரு தடவைதான் நிறுத்துப் பார்த்தாள். போனில் அதைச் சொன்ன டாக்டரின் குரலே மாறியிருந்தது.

அன்று கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பிப் போனேன். பின்கட்டு அறையில் கூண்டுகளுக்கு நடுவே தரையில் அவள் படுத்திருந்தாள். பூனையை மல்லாக்கப் போட்டு அதன் நெஞ்சில் காதை வைத்திருந்தாள். பூனைக்கு அது விளையாட்டு. அவள் முடியைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா பண்ற?"

"ஷ்..." என்றாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். "அண்ணி, இதுக்கு எப்ப ஆபரேஷன்?"

"என்ன ஆபரேஷன்?"

"ஓட்டைய அடைக்கிற ஆபரேஷன். எல்லாமே என்ன மாதிரின்னு அண்ணன் சொன்னாருல்ல." அவள் கை தன் நெஞ்சின் நடுவில் போய் நின்றது. "இது ரொம்பச் சின்னது அண்ணி. தாங்காது. செத்துடும்."

எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டது. ஆறுதலுக்கு என்று சொன்ன பொய்யை இந்தப் பெண் எத்தனை நாளாக நெஞ்சில் கல்லாகச் சுமந்திருக்கிறாள். நாங்கள் என்னவோ அவளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்து ஊமையாக இருந்திருக்கிறோம்.

வந்த கோபத்தில் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, எந்தக் கம்பத்தில் ஏறியிருந்தாலும் இறங்கி உடனே வரச் சொன்னேன். டாக்டரையும் கையோடு பின்கட்டுக்குக் கூட்டி வந்தேன். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீங்களே கட்டுங்க டாக்டர். அவரு கட்டின வரைக்கும் போதும்" என்றேன்.

டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மேனேஜர், நான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். இந்தப் பூனைக்கு டவுன் சிண்ட்ரோம் இல்ல. பூனைக்கு வரவே வராது."

"ஏன் வராது?"

"உனக்கு இருபத்தொண்ணாவது ஜோடியில ஒண்ணு எக்ஸ்ட்ரா. பூனைக்கு மொத்தமே பத்தொம்பது ஜோடிதான். இல்லாத ஜோடியில எக்ஸ்ட்ரா எங்கேர்ந்து வரும்?"

"மிருகத்துக்கு எக்ஸ்ட்ராவே கிடையாதா?" அவளுக்கு மிருகங்கள் மேல் பரிதாபம் வந்தது போல இருந்தது.

"இருக்கு. வேற மாதிரி இருக்கு. மூணு கலர்ல இருக்கிற பூனை ஆணா இருந்தா, பெரும்பாலும் அதுக்கு ஒண்ணு கூடுதலா இருக்கும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. சிம்பன்சிக்குக் கிட்டத்தட்ட உன்னோடது மாதிரியே வந்திருக்கு, அபூர்வமா. ஆனா பூனைக்கு உன்னோடது வராது. இது அம்மா வயித்துல இருக்கும்போது அம்மாவுக்கு ஏதோ வியாதி வந்திருக்கணும். மூளையில பேலன்ஸ் பாக்கற இடம் சரியா வளரல. அதான் ஆடுது. வலியெல்லாம் கிடையாது. இனிமே அதிகமாகவும் ஆகாது."

"மூஞ்சி?"

"அது அதோட மூஞ்சி."

மேனேஜர் டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பை எடுத்து அவர் காதிலேயே மாட்டிவிட்டாள். மறு முனையைப் பூனை நெஞ்சில் வைத்தாள். டாக்டர் கண்ணை மூடி நிதானமாகக் கேட்டார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஓட்டை இல்ல?"

"இல்லடா. நல்லா அடிக்குது."

அவள் பூனையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தனக்கு இணை கிடைத்தது என்று நினைத்திருந்தவளுக்கு அது போய்விட்டதே, இப்போது அழப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, கதவோரம் டூல்ஸ் பையோடு நின்ற அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை.

"ஏன் பொய் சொன்ன?"

"உன்ன மாதிரியே ஒண்ணு இருந்தா உனக்குத் துணையா இருக்குமேன்னுதாண்டா..." என்று இழுத்தார்.

"நான் பூனைதான கேட்டேன்? என்ன மாதிரி ஒண்ணு வேணும்னா கேட்டேன்?"

அவர் டூல்ஸ் பையைத் தோள் மாற்றிக்கொண்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணி, உங்களுக்கு எக்ஸ்ட்ரா இருக்கா?"

"இல்லடா."

"ஓட்டை?"

"இல்ல."

"நீங்க என்ன மாதிரி ஒண்ணுமே இல்லல்ல? ஆனா உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. கடையிலயே பிடிச்சுது. அதான் அண்ணன்கிட்ட சொன்னேன்."

கால் வலி என்றல்லவா நான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் போன பிறகு அவளை நாங்கள் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊரும் சொன்னது, நானும் நம்பினேன். அவள் என்னைப் பார்த்து, பிடித்துப்போய், வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அன்று அந்தத் தரையில்தான் எனக்கு உறைத்தது. மருந்து வாடை அடிக்கும் அந்த அறையில், ஒரு டாக்டர், ஒரு புருஷன், ஏழெட்டு மிருகங்கள் முன்னிலையில் நான் அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

"கூடைய எடு, போலாம்" என்றேன்.