சாமி இல்லாத உண்டியல்

யுத்த காலத்தில் அரியலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். பள்ளிக்கூடப் படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சமெல்லாம் கையில் கிடைத்ததைப் படித்துத் தேற்றிக்கொண்டது. இரண்டு வருஷம் ஒழுங்காகப் பாடம் நடத்தினேன் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தால் பயிற்சிப் பள்ளியில் இடம் கேட்கலாம். பயிற்சி முடித்தவனுக்குச் சம்பளமும் கூட, மதிப்பும் கூட. அந்த ஒரு காகிதத்துக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மேனேஜர் ஊரில் பெரிய நிலக்காரர்; பள்ளிக்கூடம் அவருடையது. மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பதினாறு ரூபாயையும் முழுசாகக் கையில் கொடுத்துவிடுவார். ஆனால் மேஜை ஓரத்தில் பூட்டுப் போட்ட தகர டப்பா ஒன்று இருக்கும். பள்ளிக் கட்டட நிதியாம். வெளியே போகுமுன் ஆளுக்கு ஏழு ரூபாய் அதில் விழ வேண்டும். கட்டடம் என்னவோ கீற்றுக் கொட்டகையாகவே நின்றது.

என்னோடு வேலை பார்த்த டீச்சர் அதற்கு வைத்த பெயர் சாமி இல்லாத உண்டியல். பயிற்சி முடித்தவர், கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். யார் நல்ல வார்த்தை சொன்னாலும் என் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயரையும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் இரண்டு வருஷம் முடிகிற மாதம். சம்பளத்துக்கு முந்தின சாயங்காலம் நான்தான் பேச்சை எடுத்தேன்.

"டீச்சர், நாளைக்கு ரெண்டு பேரும் போடாம வந்துட்டா அந்தாளு என்ன பண்ணிடுவாரு?"

"நெசமாவா சார்? அப்புறம் பின்வாங்கக் கூடாது."

"நானா? நல்லா கேட்டீங்க."

மறுநாள் ரூபாயை வாங்கிக்கொண்டு நின்றேன். மேனேஜர் என் சான்றிதழை எழுத ஆரம்பித்தார். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை நிறுத்தி டப்பாவைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, கை கனக்குதா?"

பின்னால் டீச்சர் நிற்பது தெரிந்தது. போடாவிட்டால் பெரம்பலூர்ப் பக்கம் எங்காவது போய் முதலிலிருந்து இரண்டு வருஷம். போட்டுவிட்டேன். ஏழும் ஒவ்வொன்றாக விழுந்தன.

மேனேஜர் உடனே கையெழுத்துப் போடவில்லை. டீச்சரைக் கூப்பிட்டார். அவர் பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"போயிட்டு வரேங்க."

"டீச்சரம்மா, டப்பா இங்க இருக்கு."

"தெரியுதுங்க. இந்த மாசம் எங்க வூட்டுக் கூரையும் ஒழுகுது."

மேனேஜர் முகம் கறுத்தது. "இது நீங்களா யோசிச்சது இல்லையே. யாரு சொல்லிக் கொடுத்தது?" பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "வாத்தியாரே, நீங்களா?"

"இல்லீங்க."

சொன்னது என் குரல்தான்.

டீச்சர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாரைப் போயி கேக்கறீங்களே. அவருக்குப் பேசவே வராதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மேனேஜர் கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, காகிதத்தை நீட்டினார். பக்கத்துக் கொட்டகையில் டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவர் வகுப்பைத் தாண்டித்தான் என் வகுப்புக்குப் போக வேண்டும். போகப் பயந்து வேப்பமரத்தடியில் நின்று காகிதத்தைப் படித்தேன். இரண்டு வருஷம் என்று தெளிவாக இருந்தது. அதற்குக் கீழே, நடத்தை மிக நன்று என்று எழுதியிருந்தார்.