பெலிண்டா கையெழுத்துப் போடாத லோடு

மாநகராட்சி ஸ்டோரில் சரக்கு வந்து இறங்கினால், அதைச் சோதித்து ஏற்றுக்கொள்வது பெலிண்டாவின் வேலை. குழாயோ, வால்வோ, சாக்கடை மூடியோ, அவள் கையெழுத்து விழாமல் உள்ளே போகாது. அதற்காகக் கடுகடுப்பான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். எந்த சப்ளையரின் மகள் எங்கே படிக்கிறாள், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணப் பத்திரிகை வைத்தால் மனதார வாழ்த்துவாள். போகமட்டும் மாட்டாள்.

"பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு, மறுநாள் உங்க பைப்புல ஓட்டை இருக்குன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க" என்பாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

போன ஆடியில், பள்ளி ஆசிரியரான அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ், எடமலைப்பட்டி புதூர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் பைக்கோடு விழுந்து தொடை எலும்பு நொறுங்கிப்போனார். ஆபரேஷனுக்கு அவருடைய அரிய வகை ரத்தம் கிடைக்காமல் பெலிண்டா அலைந்துகொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருவர் முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்டூரில் இரும்புக்கடை வைத்து, ஸ்டோருக்கும் சரக்கு அனுப்பும் ஜமீல் பாய். ஸ்டோரில் விஷயம் கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தார்.

"எனக்கும் அதே குரூப்புதான் மேடம். சும்மா ஒடம்புல ஓடிக்கிட்டிருந்தது" என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் பிழைத்து எழுந்தார். அதன்பின் ஜமீல் பாயின் லாரி ஸ்டோருக்கு வந்தது. வார்ப்பிரும்பு சாக்கடை மூடிகள். பெலிண்டா சாக்பீஸோடு லாரியின் அருகே போனாள். தார்ப்பாயை இன்னும் விலக்கவில்லை; அதற்குள் அவள் மனது அவை நல்ல மூடிகள் என்று முடிவு கட்டிவிட்டிருந்தது. அது தெரிந்ததும் அவளுக்கே பயமாகிவிட்டது. நேரே என்ஜினியர் அமிர்தராஜிடம் போனாள்.

"சார், இந்த லோடை வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க. அவரு எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் குடுத்தவரு."

அமிர்தராஜ் சிரித்துவிட்டார். "ரத்தம் குடுத்தா லஞ்சமாம்மா?"

"இல்லைங்க சார். அவரு எதையும் எதிர்பார்த்துக் குடுக்கல. குறை இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியாது, அதான்."

சிரிப்பை நிறுத்தி, எழுதிக்கொடுக்கச் சொன்னார். எழுதிக்கொடுத்தாள். இளம் என்ஜினியர் தேவதர்ஷினி பொறுப்பேற்று, சில மூடிகளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். பாரம் ஏற்றியதும் அவை பிஸ்கட் மாதிரி உடைந்தன. லோடு முழுவதும் திரும்பிப் போனது.

ஜமீல் பாய் முகம் வாடி ஸ்டோர் வாசலில் நின்றார். "நீங்க பாத்திருந்தா இப்படி ஆகியிருக்காது மேடம்."

"ஆகியிருக்காது பாய். ரோட்டுல போட்டப்புறம் உடைஞ்சிருக்கும். உங்க தெரு ஸ்கூல் வாசல்லயும் அதுதான் போடுறதா இருந்தது."

ஜமீல் பாய் திரும்பி நடந்தார். அன்று இரவு பெலிண்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. செய்தது சரிதான், ஆனாலும் அந்த வாடிய முகம் கண்ணிலேயே நின்றது.

ஜமீல் பாய், அந்த மூடிகளை வார்த்துக் கொடுத்த பட்டறைக்காரரோடு சண்டை போட்டு, வேறு இடத்தில் வார்த்து, புது மூடிகள் அனுப்பினார். தேவதர்ஷினியின் சோதனையில் எல்லாம் தேறின. ஆனால் அவர் வரவில்லை. கடை ஆளைத்தான் அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறினார். மதியம்தான் திரும்பினார்.

"எங்க போயிட்டு வரீங்க?"

"காட்டூருக்கு. பாயைப் பாத்தேன். 'மேடத்து மேல எனக்குக் கோபமே இல்ல சார், அந்த மூடியை அனுப்பிட்டமேன்னு வெக்கமா இருக்கு, அதான் வரல'ங்கறாரு. ரெண்டு பேரும் கடை வாசல்ல உக்காந்து டீ குடிச்சோம்."

பெலிண்டாவின் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"டீ யாரு வாங்கிக் குடுத்தது?"

"நான்தாம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ், செருப்பைக் கழற்றிக்கொண்டே.