ஒப்புக்கு நின்ற பெரில்

பெரில் ஹாலமின் சவ அடக்கத்தன்று டெரிக் பிக்கரிங் முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். எழுந்துபோய் ஒரு அறை விடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. சர்ச்சாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். பெரிலுக்கு அடுத்த வீட்டுக்காரி நான். அவன் அழுகையின் யோக்கியதை எனக்குத் தெரியும்.

குவாரி லேன் நீச்சல் குளத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே பெரிலுக்கு வயதாகிவிட்டது. அந்தக் குளம் இப்போது இல்லை, அங்கே கார் நிறுத்துகிறார்கள். வேலை முடிந்தால் கட்சிக்காகத் தெருத் தெருவாகத் துண்டுப் பிரசுரம் போடுவாள். கதவில் இருக்கும் தபால் துவாரத்துக்குள் விரலை விட்டால் உள்ளேயிருந்து நாய் கவ்வும் என்று ஒரு மரக்கரண்டி வைத்திருப்பாள். பிரசுரத்தை அதால்தான் தள்ளுவாள். அவளுடைய புருஷன் செத்த வாரத்தில்கூட அந்தக் கரண்டி ஓயவில்லை.

டெரிக் அந்தக் கட்சியின் தேர்தல் ஏஜென்ட். பெரிலின் சமையலறையில் அவனுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு கோப்பை, டப்பா நிறைய இஞ்சி பிஸ்கட். எங்கள் ஊரில் எல்லாக் கட்சியும் எல்லா வார்டிலும் ஒரு பெயரைப் போட்டு வைக்கும். ஜெயிக்க முடியாத இடத்திலும் ஓட்டுச்சீட்டில் பெயர் இல்லாவிட்டால் கௌரவக் குறைச்சல். அந்த வருஷம் கவுன்சில் தேர்தல் வந்தபோது, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடியே கேட்டான்.

"பேரை மட்டும் குடு கண்ணு. குவாரி லேன்ல நாம ஜெயிச்சதா சரித்திரமே இல்ல. நீ ஒண்ணும் செய்ய வேணாம். வீட்ல உக்காந்து டி.வி. பாரு."

சரியென்று கையெழுத்துப் போட்டாள். அதே வாரம் நீச்சல் குளத்தை மூடப்போவதாக டவுன்ஹாலிலிருந்து செய்தி வந்தது. எங்கள் வார்டு கவுன்சிலர் லோவெட்டின் கட்சி செய்த ஏற்பாடு. சபையில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அவனுடைய சீட் ஒன்று போனாலே அந்தத் தீர்மானம் கவிழ்ந்துவிடும்.

"நின்னா ஜெயிக்கத்தான் நிக்கணும் மோனா," என்றாள் என்னிடம். "ஒப்புக்குச் சப்பாணியா நிக்கறதுக்கு நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மழையென்றும் பாராமல் கதவு கதவாகத் தட்டினாள். நானும் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த வார்டில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். ஒருவன் கதவைத் திறந்ததுமே, "நீங்கதானே சின்ன வயசுல குளத்தங்கரையில என்னை 'ஓடாதடா'ன்னு கத்துனது?" என்றான்.

"கத்துனேன். நீ கேக்கல. விழுந்தே, பல்லு போச்சு. இப்பவாவது சொல்றதைக் கேளு, எனக்கு ஓட்டுப் போடு."

அவன் அந்த ஓட்டைப் பல் தெரியச் சிரித்து, பெரிலின் போஸ்டரை வாங்கி ஜன்னலில் ஒட்டிக்கொண்டான். கொஞ்ச நாளில் தெருவில் பார்த்த பக்கமெல்லாம் அவள் பெயர். டெரிக்கின் முகம்தான் சுருங்கியது.

"ரொம்ப அலையாதே கண்ணு, முட்டி வலிக்கப் போவுது," என்றான். என்ன அக்கறை பாருங்கள். நாங்களும் அதை நம்பினோம்.

நடக்க முடியாத கிழடுகளை ஓட்டுப் போடக் காரில் கூட்டிவருவது கட்சிகளின் வழக்கம். இரண்டு கார் அனுப்புவதாக டெரிக் வாக்குக் கொடுத்திருந்தான். ஓட்டு நாளன்று ஓட்டுச்சாவடியில் ஒரு கிழத்தையும் காணோமே என்று பெரில் அவனுக்குப் போன் செய்தாள்.

"காரு காலையிலேருந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஐவி டவுனிங் கிழவியெல்லாம் எப்பவோ போட்டுட்டுப் போயாச்சு. நீ கவலைப்படாம கதவைத் தட்டு," என்றான்.

நாங்களும் போய்த் தட்டினோம். ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருந்தால் ஐவியை நானே சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருப்பேன். அந்த மேட்டுத் தெருவிலும் தள்ளியிருப்பேன்.

மறுநாள் காலை விளையாட்டு அரங்கில் எண்ணினார்கள். பெரிலுக்கும் லோவெட்டுக்கும் சரிசமம். திரும்ப எண்ணினார்கள். அப்போதும் சரிசமம். அப்படியானால் சீட்டுக் குலுக்குவதுதான் சட்டம். தேர்தல் அதிகாரி இரண்டு பெயரையும் மடித்து ஒரு பெட்டியில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். லோவெட்.

அந்த ஆளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராக வந்து டெரிக்கின் முதுகில் தட்டினான்.

"வேர்த்துக் கொட்டிடுச்சுய்யா. இந்த வார்டுல நீங்க வேலை செய்யறதில்ல, ஆபி வார்டுல நாங்க செய்யறதில்லன்னுதானே பேச்சு? இந்தம்மாகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

பெரில் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். டெரிக் அவளைப் பார்க்காமல் டையைச் சரி செய்தான்.

"அரசியல்னா இப்படித்தான் கண்ணு. ஆபியில நம்ம ரெண்டு சீட்டும் கை விட்டுப் போகாம நின்னுச்சு பாரு. கட்சிக்கு நல்லதுதானே?"

"காரு எங்க போச்சு?"

"அங்க தேவைப்பட்டுச்சு."

"ஐவி ஓட்டுப் போட்டுட்டாங்கன்னு சொன்னியே டெரிக்."

அவள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே குழி பறித்திருக்கிறான், பாவி. நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நான் வாயில் வந்தபடி திட்டினேன். பெரில் நெஞ்சில் குத்தியிருந்த கட்சி ரிப்பனைக் கழற்றி அவன் கையில் வைத்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஐவியின் வீட்டுக்குப் போனாள்.

ஐவிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் முதுகில் நல்ல கோட்டு, மடியில் தொப்பி.

"வா பெரில். நேத்து விடிஞ்சதும் கோட்டை மாட்டிக்கிட்டு இங்கேயே உக்காந்திருந்தேன். காரு வந்தா காக்க வைக்கக் கூடாதேன்னு டீகூடப் போட்டுக்கல. இருட்டுற வரைக்கும் பாத்தேன், வரவே இல்ல." கொஞ்சம் தயங்கினாள். "என் ஓட்டு இல்லாம உனக்கு ஒண்ணும் கொறைஞ்சு போகலையே?"

உண்மை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பெரில் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அதெல்லாம் இல்ல ஐவிம்மா. நெறைய ஓட்டுல தோத்துட்டேன். நீங்க வந்திருந்தாலும் தேறியிருக்காது."

"அப்ப சரி," என்றாள் ஐவி. "ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான்."

பெரில் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, கோட்டை எடுத்து அலமாரியில் மாட்டினாள். வெளியே வந்து கேட்டைச் சாத்திய பிறகுதான் அழுதாள்.