சறுக்குப்பலகை சிக்கிய விஜயதசமி

ஆள் இல்லாத மெஷின்

மாமனார் கை போன மெஷினில் மருமகன் போய் நிற்கலாமா? நிற்கக் கூடாதுதான். நான் நின்றேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்ய?

யுத்த காலம் அது. ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் பெரிதாக டிப்போ போட்டு, சாமான் அனுப்ப மரப்பெட்டி வேண்டும் என்று பறந்தார்கள். பூந்தமல்லியில் ரோட்டோரம் மரக்கடை வைத்திருந்த மொய்தீன் பாய், கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுப் பெட்டி செய்ய ஆரம்பித்தார். ஒரு ஆயில் இஞ்சின், அதிலிருந்து ஒரு பெல்ட், பெல்ட்டின் அந்தக் கோடியில் ரம்ப மேஜை. இரும்பு மேஜையின் நடுவில் வட்டப் பிளேடு பாதித் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். நீங்கள் இப்போது டேபிள் சா என்கிறீர்களே, அதேதான். நான் அங்கே பெட்டிக்கு ஆணி அடிக்கிற ஆள்.

ரம்பத்தில் நின்றவர் என் மாமனார் தணிகாசலம். ஒருநாள் பலகையைக் குறுக்கே அறுக்கும்போது பிளேடில் சிக்கி, கை உள்ளே போய்விட்டது. நான் அப்போது பெட்டி ஏற்றிய வண்டியோடு ஆவடிக்குப் போயிருந்தேன். புண் சீழ் பிடித்து, ஜுரம் வந்து, பெரியாஸ்பத்திரியில் செத்துப்போனார். என் பெண்சாதி அஞ்சலை அவள் அப்பனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நின்றபோதுதான் கை சிக்கியது. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

அதற்கப்புறம் ஒரு பயலும் அந்த மெஷின் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டான். காவு கேட்கிற மெஷின் என்று பேர் வைத்துவிட்டார்கள். பலகை வராமல் எங்கள் ஆணி வேலையும் நின்றது. பாய் என்னிடம் வந்தார்.

"ஏகாம்பரம், உன்ன விட்டா வேற ஆளில்லப்பா. தணிகாசலம் வேல செய்யறத பக்கத்துலயே நின்னு பார்த்தவன் நீ. நான் கட்டாயப்படுத்தல. யோசிச்சு சொல்லு."

யோசிக்க என்ன இருக்கிறது? நாங்கள் குத்தகைக்குப் பயிர் வைத்த நிலம் பட்டாளத்துக்குப் போயாயிற்று. சரி என்றேன்.

வீட்டில் அஞ்சலை ஆடித் தீர்த்துவிட்டாள். "எங்க நைனாவத் தின்ன மெஷினு அது. நீ அதுல நிக்கிறவரிக்கும் நான் இந்த ஊட்ல இருக்கமாட்டேன்."

"அப்ப சோத்துக்கு இன்னாமே பண்றது?"

"பிச்ச எடு. ரெண்டு கையும் இருந்தா அதுவாச்சும் எடுக்கலாமில்ல?"

அன்றைக்கே துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு நெமிலிச்சேரியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தையும் கிடையாது. வேலப்பன்சாவடியில் அந்தக் குடிசையில் நான் ஒருத்தன்தான்.

பேச ஆளில்லை

ரம்பத்தில் நிற்பவனுக்குக் காது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இஞ்சின் ஒரு பக்கம் டபடப என்று அடிக்கும், பிளேடு ஒரு பக்கம் அலறும். அதில் யாரோடு பேசுவது? இஞ்சின் நின்ற பிறகாவது வருவார்களா என்றால் அதுவும் இல்லை. மெஷினுக்குப் பயந்தவர்கள் மெஷின்காரனுக்கும் பயந்தார்கள். முன்பெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவர்கள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நைசாக மர அடுக்குக்கு அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அடுத்து கை போகப்போகிறவன் இவன்தான் என்று அவர்கள் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போனாலும் அதே கதி. சில நாள் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருக்காது. திடீரென்று யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் தொண்டை கரகரவென்று இருக்கும். கோபம் கோபமாக வரும். யார்மேல் என்று தெரியாது. மாமனார்மேல், பட்டாளத்தின்மேல், அஞ்சலைமேல். அப்புறம் அஞ்சலை நினைப்பு வந்தால் கோபமும் போய்விடும், வெறும் ஏக்கம்தான் மிஞ்சும்.

பயம் இல்லை என்று சொல்லமாட்டேன். குட்டைப் பலகையைக் கையால் பிடித்துக் குறுக்கே தள்ளினால் அது நேராகப் போகாது. இம்மியளவு திரும்பினால்கூட பிளேடைக் கவ்விக்கொள்ளும். கவ்வினால் ஒன்று பலகையை உங்கள் வயிற்றுக்கே திருப்பி அடிக்கும், இல்லாவிட்டால் கையையும் சேர்த்து இழுக்கும். மாமனாருக்கு நடந்தது அதுதான். எனக்கும் ஒருநாள் நடக்கும், அஞ்சலை சொன்னது சரியாகிவிடும். அதற்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும். கை பிளேடு பக்கமே போகாமல் அறுக்க வழி பண்ணிவிட்டால் அவள் திரும்பி வருவாள். என் புத்தியில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

பலகை செய்த விதம்

மேஜையில் பிளேடுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நீளவாக்கில் பள்ளமாக வெட்டின இரண்டு காடி உண்டு. அதில் ஓடுகிற இரும்புச் சாமான் ஒன்று மெஷினோடு வந்ததாம், எங்கே போய்த் தொலைந்ததோ. பேச ஆளில்லாதவன் அந்தக் காடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் சட்டம் ஓடினால், சட்டத்தின்மேல் ஒரு பலகை ஓடாதா?

இப்போது இதற்கு கிராஸ்கட் ஸ்லெட் என்று பேர் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. சறுக்குப்பலகை என்றேன். கொட்டகையில் "அண்ணாத்தேயோட தேரு" என்று கிண்டல் பண்ணினார்கள்.

காடிக்குள் இறங்குகிற மாதிரி இரண்டு சட்டம் இழைத்தேன். தேக்கை பாய் தொடவிடமாட்டார், மாமரச் சட்டம்தான் கிடைத்தது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் இழைப்பது, காடியில் ஓட்டிப் பார்ப்பது, மறுபடி இழைப்பது. லூஸாக இருந்தால் பலகை ஆடும், இறுக்கமாக இருந்தால் நடுவழியில் நிற்கும். விரலால் தள்ளினால் போகிற பதத்துக்கு வந்ததும் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். சட்டங்கள்மேல் ஒரு அகலப் பலகையை வைத்து ஸ்க்ரூ போட்டேன். பலகைக்கு முன்னால் ஒன்று, என் பக்கம் ஒன்று, குறுக்கே கனமான இரண்டு கட்டை. தள்ளும்போது பிளேடு அடிப்பலகையை அறுத்துத் தனக்கு வழி பண்ணிக்கொள்ளும். கட்டை இரண்டும் உயரமாக இருப்பதால் பலகை இரண்டாகப் பிளக்காது. அறுக்க வேண்டிய மரத்தை என் பக்கத்துக் கட்டையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ள வேண்டியதுதான். மரம் திரும்பாது. கை பிளேடுக்குத் தூரத்திலேயே இருக்கும். பிளேடு போகிற வழியில் மட்டும் ஸ்க்ரூ, ஆணி எதுவும் இருக்கக் கூடாது. மறந்தீர்களோ, பிளேடின் பல் பறந்து வந்து கண்ணில் அடிக்கும்.

என் பக்கத்துக் கட்டை பிளேடுக்குச் சரியான செங்கோணத்தில் நிற்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிடாதீர்கள். அகலமான பலகை ஒன்றை அறுத்து, ஒரு துண்டை மட்டும் குப்புறத் திருப்பி, அறுத்த முகம் இரண்டையும் சேர்த்து வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கோணல். இருக்கிற கோணலை இரட்டிப்பாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு முனை ஸ்க்ரூவை இளக்கி, கட்டையைக் கொஞ்சம் தட்டி, மறுபடி அறுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மூன்று நாள் ஆயிற்று, பொறுமை போய் ஒருதரம் தூக்கிக்கூட எறிந்தேன்.

கடைசியாக ஒன்று. தள்ளி முடிக்கும்போது பிளேடு என் பக்கத்துக் கட்டையைத் தாண்டி வெளியே வரும். கட்டைவிரலை வைக்கத் தோன்றுவது சரியாக அந்த இடத்தில்தான். அங்கே தடிமனாக ஒரு மரத்துண்டு வைத்து, உள்ளே வந்தாலும் பிளேடு வெளியே தெரியாதபடி மறைத்தேன். அதன்மேல் காவி பூசினேன். காவி இருக்கிற இடத்தில் கை இருக்கக் கூடாது. அறுந்த துண்டு பிளேடு பக்கத்தில் கிடந்தால், பிளேடு நிற்கிறவரை எடுக்கக் கூடாது. இவ்வளவுதான் விதிமுறை.

எடுத்துக் காட்டத்தான் ஆளில்லை.

அபிஷேகம்

ஆயுத பூஜை வந்தது. பாய் முஸ்லிம் என்றாலும் பூஜைக்குப் பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் அவர் செலவுதான். வேலைக்காரர்களின் வீட்டு ஜனங்களும் கொட்டகைக்கு வருவார்கள். அன்றைக்குக் காலையில் நான் நெமிலிச்சேரிக்குப் போய் அஞ்சலையைக் கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

"ஒரு தரம் வந்து பாரும்மே. கை பிளேடு கிட்டவே போவாது."

"பொட்டு வெச்ச மெஷினப் பாக்க எனக்கு ஆசையில்ல. நாளிக்கு ஓட்டுவீங்க இல்ல, அப்ப வந்து பாக்கறேன். பார்த்துட்டுத்தான் மத்ததெல்லாம்."

அதுவே எனக்கு வரம் கிடைத்த மாதிரி இருந்தது. ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குத் திரும்பினேன். பூஜைக்கு எல்லாம் தயார். இஞ்சின் டிரைவர் கோவிந்தன் பல்லை இளித்துக்கொண்டு வந்தான். "அண்ணாத்தே, உன் தேருக்கும் அபிஷேகம் பண்ணியாச்சு!"

பார்த்தால், பலகையைத் தொட்டித் தண்ணீரில் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஈரத்தோடு காடியில் வைத்திருக்கிறான். இரும்பு என்றால் துருப்பிடிக்கும் என்று எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். மரத்துக்கு என்ன ஆகும் என்று யார் நினைக்கிறார்கள்? அவன் பாசமாகத்தான் செய்தான். கொட்டகையில் அந்தப் பலகையை ஒரு பொருட்டாக நினைத்தவனே அவன் ஒருத்தன்தான். நான் எடுத்துத் துடைக்கப் போனேன். எல்லாரும் கத்தினார்கள். "பூஜையில வெச்சத எடுக்காத! நாளிக்கு சூடம் காட்டினப்புறம்தான் கை வெக்கணும்!" வழக்கம் அதுதான், நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. வானம் மூடிக்கொண்டு ஈரக்காற்று அடித்தது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, நல்ல நேரம் போகிறது, போகிறது என்று அவசரப்படுத்தினார்கள். இஞ்சின் கிளம்பியது. கொட்டகை நிறைய ஜனம். அஞ்சலை வந்து வாசலில் நின்றாள். மாமனாருக்குச் சோறு கொண்டுவந்து நின்ற அதே இடம். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பலகையில் மரத்தை வைத்துத் தள்ளினேன். முன்பாதி போயிற்று. பிளேடு மரத்துக்குள் இறங்கிப் பாதி வந்ததும் பலகை நின்றுவிட்டது. காடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பின்பாதிச் சட்டம் ராத்திரி முழுக்க ஊறி உப்பியிருக்கிறது, உள்ளே நுழையவில்லை. பிளேடு கீச்சென்று கத்தியது. மரம் கருகுகிற வாசனை வந்தது.

"தள்ளு அண்ணாத்தே!"

"மொத வெட்டு நிக்கக்கூடாது, கெட்டியா தள்ளுப்பா!"

பாயின் முகம் வாடிவிட்டது. எனக்கும் தள்ளிவிடத்தான் துடித்தது. மானம் போகிறதே! இத்தனை நாள் தனியாகக் கிடந்து இழைத்தது இதற்கா? வாசலைப் பார்த்தேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தள்ளினால் ஒருவேளை போய்விடும். போகாமல் ஒரு பக்கம் எகிறினால் என் உடம்பு மொத்தமும் பிளேடுமேல் சாயும்.

"கோயிந்தா, இஞ்சின்லேர்ந்து பெல்ட்டைக் கழட்டு!" என்று கத்தினேன். முன்னாலும் தள்ளவில்லை, பின்னாலும் இழுக்கவில்லை. பிளேடு சுற்றி ஓய்கிறவரை பிடித்த பிடியில் அப்படியே நின்றேன்.

யாரோ முணுமுணுத்தார்கள், "விஜயதசமியன்னிக்கே நின்னுபோச்சு, இந்த வருசம் வெளங்கினாப்பலதான்." கூட்டம் கலைந்தது. நிமிர்ந்து வாசலைப் பார்த்தால் அஞ்சலை இல்லை.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். சட்டத்தைக் கழற்றி இழைத்து, மெழுகு போட்டு, இஞ்சின் இல்லாமலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்த்து, அப்புறம் அறுத்தேன். வெண்ணெய் மாதிரிப் போயிற்று. யாருக்கு வேண்டும்? கோவிந்தன் ஒருத்தன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றான். கண்ணில் தூள் விழுந்ததென்று சொல்லி அவன் பக்கம் திரும்பாமல் துடைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது

பொழுது சாய வீட்டுக்கு நடந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அஞ்சலை மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நெமிலிச்சேரி போய் மூட்டைய எடுத்துகினு வந்தேன்," என்றாள்.

"பலகதான் சிக்கிச்சேமே. பார்த்தியே."

"பலகய யாரு பார்த்தா?" என்றாள். "அன்னிக்கு நைனாவுக்கும் இப்பிடித்தான் சிக்கிச்சு. நைனா என்னத் திரும்பிப் பார்த்தாரு. பொண்ணு பாக்குதேன்னு, சிரிச்சுகினே தள்ளினாரு."

நான் மூட்டைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் சோறு எடுத்துகினு போவாம இருந்திருந்தா நிறுத்தியிருப்பாருய்யா. என்னாலதான். இன்னிக்கு நீயும் என்னப் பார்த்தே, எனக்கு உசுரே போச்சு. நீ நிறுத்திட்டே." அதற்குமேல் முடியாமல் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன்.

நான்தான் பேச ஆளில்லாமல் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இதை யாரிடமும் சொல்ல முடியாமல், என்னைவிட ஒண்டியாகக் கிடந்திருக்கிறாள்.

ஸ்லெட் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காய்ந்த மரத்தில் சட்டம் போடுங்கள். ஈரம் படவிடாதீர்கள். இஞ்சின் போடும் முன் ஒருதரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள், நல்ல நேரம் போனால் போகட்டும். சிக்கினால் நிறுத்துங்கள். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் நிறுத்துங்கள். பார்ப்பது உங்கள் பிள்ளை என்றால் கட்டாயம் நிறுத்துங்கள்.