அப்பாவின் காரும் என் சந்தேகமும்

அன்று காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, திருநெல்வேலிச் சாலையில் அப்பாவின் கார் நின்றது. பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி எழுந்தது. ரேடியேட்டர் டியூப் வெடித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். விடிந்ததிலிருந்து நெஞ்சு அடைக்கிறது என்ற அப்பாவை நான்தான் காரை ஓட்டி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். எலுமிச்சை ஏற்றி வந்த ஒரு வேனில் எங்களுக்கு இடம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் நாள் அப்பா காலமானார்கள். தாமதத்தால் பெரிய வித்தியாசமில்லை என்றார் டாக்டர். என் மனம் நோகாமலிருக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பா பிறந்தது சிவகிரியில். பள்ளிப் படிப்பு முடித்துச் சங்கரன்கோவிலுக்கு வந்து, ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கராக இருந்தார்கள். அம்மா இறந்தபின் என்னையும் தம்பியையும் ஒற்றை ஆளாக வளர்த்தார்கள். சைக்கிளைத் தவிர வேறு வாகனம் வைத்திருந்ததில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அந்தப் பழைய காரை வாங்கினார்கள்.

வாங்கிய விலை குறைவுதான். பிறகு பேட்டரி, டயர், கிளட்ச், இன்சூரன்ஸ் என்று ஒன்று மாற்றி ஒன்று செலவு வந்தது. எல்லா வேலையும் ஒரே மெக்கானிக்கிடம்தான். தன் மூக்குக்கண்ணாடியை மாற்றுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். ஆனால் தெருவில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் அந்தக் கார்தான் போகும். பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்க மாட்டார்கள்.

"அந்த மெக்கானிக் ஒங்கள ஏமாத்துதாருப்பா" என்றேன் ஒருநாள்.

"ஏமாத்திட்டுப் போறாரு. வண்டி ஓடுதுல்லா? அதச் சொல்லுட்டி."

"நல்லாருக்க சாமானயும் கழத்துதாரோ என்னமோ!"

"ஆமா, கழத்திக் கொண்டுபோயி அவரு வீட்ல கொழம்பு வைக்காரு. நீ போட்டி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மகளை டியூஷனுக்கு அழைத்துச் செல்வதும் அந்தக் காரில்தான். அப்பா வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு வருவார்கள். மெக்கானிக் தேவையானதை மாற்றிவிட்டுப் பிறகு சொல்வார். அவர்கள் இருவருக்குள்ளும் இருந்த பழக்கம் அது. ஒருநாள் நானே பட்டறைக்குப் போனேன். "இனிமே எங்கிட்ட கேக்காம ஒரு ஸ்க்ரூகூட மாத்தக் கூடாது" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே "சரிம்மா" என்றார்.

அதன்பின் மூன்று முறை போன் செய்தார். இரண்டு முறை, பார்க்கலாம் என்றேன். மூன்றாம் முறை, மறுபடியும் பணம் பறிக்க வழி தேடுகிறார் என்று முழுவதும் கேட்காமல் வைத்துவிட்டேன். அப்பாவிடம் எதையும் சொல்லவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் மெக்கானிக்கைத்தான் குறை சொன்னேன். அவர் தலைகாட்டவில்லை. "மனசு குத்தும்லா, எப்படி வருவாரு?" என்று தம்பியிடம் கேட்டேன்.

பதற்றத்தில் பெயர்கூடக் கேட்காமல் விட்ட வேன் ஓட்டுநருக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் கண்விழித்த தெருக்காரர்களுக்கும், அப்பாவோடு வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொருவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பதினாறாம் நாள், பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் அந்த மெக்கானிக் வந்தார். அப்பாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு நின்றார். உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை.

"அந்த டியூப் போவும்னு ஒங்களுக்கு முன்னயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்மா. அதச் சொல்லத்தான் கடைசியா போன் போட்டேன்" என்றார். அப்பாவின் படத்தைத் திரும்பிப் பார்த்து, "அண்ணாச்சி வண்டிய நான் ஒருநாளும் கேட்டுக்கிட்டுச் சரி பண்ணதில்ல. அன்னைக்கும் கேக்காமலே மாத்திருக்கணும். தப்பு எம்மேலதாம்மா" என்றார்.