வலது காதுக்கு இரண்டாம் முறை

"சமநிலைப் பரிசோதனை உதவியாளர், இரண்டாம் நிலை: நோயாளிகளிடம் தேவையான அளவு மட்டுமே பேசுபவராகவும், களைப்பின்றிப் பணியாற்றுபவராகவும் இருத்தல் வேண்டும்." ஆஸ்பத்திரியின் பணி விதிகளில் இந்த வாசகத்தை எழுதியவர், அந்த வேலையைப் பார்க்கும் தண்ணியக்காவைப் பார்த்ததில்லை என்பது நிச்சயம். காலை எட்டரைக்கு அறையைத் திறக்கும்போதே களைத்திருப்பார். திறந்த வாயை மாலைவரை மூட மாட்டார். வீட்டில் அவரிடம் ஒரு வார்த்தை வாங்க முடிவதில்லை என்று கணவர் குறைப்பட்டுக்கொள்வதும் உண்மைதான். பேச்செல்லாம் இங்கேயே செலவாகிவிடுகிறது.

பேச்சு அவருடைய வேலையில் பாதி. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனவர்களுக்கு, அதே காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆளைப் படுக்கவைத்து, வெளிச்சம் புகாத கண்ணாடியை மாட்டி, காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்துவார். தலை சுற்றும், கண்மணி துடிக்கும், கண்ணாடிக்குள் இருக்கும் கேமரா அதை அளக்கும். இரு காதுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் நல்லது. ஆனால் அந்நேரம் மனசு சும்மா கிடந்தால் துடிப்பு அடங்கிவிடும். அதனால் அக்கா எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார். படுத்திருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்று பதினோராவது ஆள் ஒரு பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி வேலை செய்பவர். மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது இடது காது கேட்கவில்லை. உயரத்தில் ஏறலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மேஸ்திரி திரும்பச் சேர்ப்பார்.

முதலில் இடது காதில் தண்ணீர் போனது.

"வெள்ளையில எத்தனை வெள்ளை இருக்கு? சொல்லுங்க தம்பி."

"பால் வெள்ளை, முத்து, தந்தம், ஆஸ்பத்திரி வெள்ளை... அக்கா, கட்டில் சுத்துது."

"சுத்தட்டும், எங்கயும் போயிடாது. மேல சொல்லுங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, "ஊரான் சுவத்துக்கெல்லாம் இத்தனை. நம்ம வீட்டுக்கு ஒண்ணையும் காணோம்," என்றார்.

பிறகு வலது காது. கண் துடித்த வேகம் இடதுக்குப் பதினாலு, வலதுக்குப் பதினைந்து. "சமம்" என்று எழுதி, வாயாலும் சொன்னார் அக்கா. பெயிண்டர் மேஸ்திரிக்குப் போன் போட வராந்தாவுக்கு ஓடினார்.

தண்ணீர்த் தட்டைக் கழுவும்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. வலது காதின் முறை வந்தபோது காய்கறிப் பெயர்களைக் கேட்டிருந்தார். அந்த ஆள் வாயே திறக்கவில்லை. இருந்த களைப்பில் அக்காவுக்கு அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது. கேட்கும் ஒரே காதிலும் தண்ணீர் நின்றால் கேள்வி எப்படிப் போய்ச் சேரும்? அந்தப் பதினைந்து, காதின் பலமல்ல. மனுஷன் அரைத் தூக்கத்தில் கிடந்ததன் அளவு.

மணி நாலே முக்கால். இப்போது பூட்டினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அக்கா வராந்தாவுக்குப் போனார்.

"தம்பி, வலது காதை மறுபடி பார்க்கணும்."

"அதான் சமம்னீங்களே."

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

"உங்க தப்புதானேக்கா? அது பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"பன்னெண்டாவது மாடியில கண்ணை மூடித் தும்மும்போது தலை சுத்தினா எனக்கா கஷ்டம்?"

மனைவிதான் முதலில் எழுந்து பையை எடுத்தார். "வாங்க," என்றார் கணவரிடம்.

முதல் சுற்றல் அடங்க அரைமணி நேரம் காத்திருந்து, முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள்: அக்கா பெயிண்டரின் உள்ளங்கையில் விரலால் ஓர் எண் எழுதுவார், அவர் அதோடு ஏழு கூட்டிச் சொல்ல வேண்டும். இருட்டிலும் நிசப்தத்திலும் கிடந்தவர், தன் குரலின் அளவு தனக்கே பிடிபடாததால், விடைகளைத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பாதி தப்பு. கண் மட்டும் ஓடியது. முப்பத்துநாலு. இடது அதில் பாதிகூட இல்லை.

"அப்ப கயிறு?"

"டாக்டர்தான் சொல்லணும். இப்போதைக்கு ஏற விட மாட்டாரு."

"உள்சுவர் இருக்குல்ல," என்றார் மனைவி.

"அது பழகுற பசங்க வேலை," என்று சொல்லிவிட்டு, பெயிண்டர் அக்காவைப் பார்க்காமல் செருப்பை மாட்டினார்.

அக்கா முதல் தாளைக் கிழிக்கவில்லை. அதில் "சமம்" என்றிருந்ததன் மேல் ஒரு கோடு போட்டார், "என் கேள்வி நோயாளியின் காதில் விழவில்லை, அதை நான் கவனிக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு தாள்களையும் டாக்டரிடம் கொடுத்தார்.